வாடகை வீட்டைக் காலி செய்வது பற்றி

ஆரணி,
புதன்கிழமை, மதியம்

அன்புள்ள சங்கீதா அக்காவுக்கு, செழியன் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை பதினொன்று பதினேழுக்கு உங்கள் மெயில் வந்தது. மாடிப்படியில் நின்றுகொண்டு படித்தேன். நாலு வரிதான். நம் ஆப்புக்குத் திரை வரையும் டிசைன் சாப்ட்வேரின் வருடச் சந்தா இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முடிகிறது. அதிலேயே தொடர்வதா, வேறொன்றுக்கு மாறுவதா என்று செழியன் இதையும் மற்ற இரண்டையும் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும். மாறுவதென்றால் பழைய கணக்கு அந்த ஆறு மணிக்கே மூடப்படும். அதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நாலு வரியில் ஜெயாவின் பெயர் இல்லை. யோசித்துத்தான் விட்டிருப்பீர்கள். படித்து முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே மாமாவின் தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் மேலே பார்க்கவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். மெயில் போட்டால் பத்து நிமிடத்தில் பதில் போடுகிறவர் நீங்கள். இதற்குப் பதில் அவ்வளவு சீக்கிரம் வந்தால் என்னால் தாங்க முடியாது. அதனால் பேப்பரில் எழுதி கூரியரில் போடுகிறேன். நாளை மதியத்துக்குள் கிண்டி ஆபீசுக்கு வந்துவிடும் என்றார்கள்.

உங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? சந்தவாசலிலேயே இருக்கிறார்களா, சென்னைக்கு அழைத்து வந்துவிட்டீர்களா? இங்கே ஜெயாவின் அப்பாவும் அம்மாவும் சுகம். நானும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், புரோகிராம் எழுதுகிறேன். வெம்பாக்கத்தில் என் அப்பா அறுவடைக்கு வரச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். போகவில்லை. இந்த வீட்டின் மாடியை விட்டுப் போனால் ஏதோ ஆகிவிடும் என்று இருக்கிறது. என்ன ஆகும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆக வேண்டியது ஏழு மாதத்துக்கு முன்பே ஆகிவிட்டது.

முதலில் வேலை விஷயம். நேற்று மூன்று மணிக்கு நான் அனுப்பிய அட்டவணை பொய்.

தவறு என்று எழுதலாமா என்று பார்த்தேன். தவறு இல்லை, பொய். இருப்பதிலேயே இருந்துவிடலாம், மற்ற இரண்டும் நமக்கு உதவாது என்று எழுதியிருந்தேன். நீங்கள் அதை நம்பி, "சரி செழியா, நீ சொன்னா சரி. வெள்ளிக்கிழமை பணம் கட்டிடறேன்" என்று பன்னிரண்டு நிமிடத்தில் பதில் போட்டீர்கள். நீ சொன்னால் சரி என்ற வார்த்தையைப் பார்த்ததும் உங்கள் மெயிலை மூடிவிட்டேன். ஏன் பொய் எழுதினேன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாள். அதற்கு முன் உண்மையான சோதனையை எழுதிவிடுகிறேன். நடுவில் நான் உடைந்து நிறுத்திவிட்டாலும் உங்களுக்கு அது வேண்டும்.

அட்டவணையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருந்தேன். இங்கே ஜெயா வைத்த பெயர்களிலேயே எழுதுகிறேன். நாம் இப்போது வைத்திருப்பதை அவள் 'வாடகை வீடு' என்பாள். எல்லா வசதியும் உண்டு, சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் ஓனரைக் கேட்க வேண்டும் என்று. இரண்டாவது, நம் சர்வரிலேயே நாமே வைத்துக்கொள்வது. அது 'சொந்த வீடு'. மூன்றாவது 'ஷோரூம்'. திரை மாறுவதெல்லாம் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும், பார்க்க அவ்வளவு அழகு.

நேற்று அமாவாசை. அமாவாசைக்கு இங்கே தறி ஓட்ட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நெய்கிறவர்களுக்குக் கை சும்மா இருக்கும் ஒரே நாள். ஜெயா எப்போதும் அந்த நாளில்தான் புது டிசைனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அதனால் நானும் மூன்று சாப்ட்வேரிலும் ஒரே திரைகளைச் செய்து, பதினோரு மணி வாக்கில் பின் தெரு செல்லியம்மாள் வீட்டுக்குப் போனேன். இன்று எவ்வளவு நெய்தேன் என்று நெசவாளர் நம் ஆப்பில் பதிகிற அந்த நாலு திரைகள்தான். அந்தம்மாவின் பழைய போனிலேயே திறக்கச் சொன்னேன். கீறல் விழுந்த கண்ணாடி, மெதுவான நெட். அதில் ஓடினால் எதிலும் ஓடும்.

ஷோரூமை முதலில் காட்டினேன். திரை வழுக்கிக்கொண்டு வந்தது, பாதியில் நின்றது, மறுபடி வழுக்கியது. அந்தம்மா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இன்னா தம்பி இது, எண்ணெய் தடவுன மாதிரி வழுக்கிகினு போவுது? நான் ஒன்னு தொட்டா அது வேற எங்கியோ போய் நிக்குது. ஒரே பேஜாரு. ஜல்தியா அடுத்தத காட்டு, அடுப்புல கொழம்பு கீது" என்றார். தமிழ் எழுத்தும் அதில் உடைந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

அடுத்தது வாடகை வீடு. இரண்டு மாதமாக அதில் வெளியாட்களுக்கு லிங்க் கொடுத்தால் பெயர், மெயில் எல்லாம் கேட்கிறது, நம் பிளானில் அப்படித்தான். செல்லியம்மாளுக்கு மெயில் கிடையாது. "என் ஊட்ல குந்திகினு என்னையே யாருன்னு கேக்குதா இது? நல்லா கீதே நாயம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஆபீஸ் மெயிலைப் போட்டுத் திறக்க வேண்டியிருந்தது. நாற்பது நெசவாளர்களுக்கு அப்படிச் செய்ய முடியாது.

சொந்த வீடு தொட்டதும் திறந்தது. எழுத்து சரியாக இருந்தது. அந்தம்மா நான் சொல்லாமலே நாலு திரையும் தாண்டிப் போய், இன்றைக்கு நெய்த அளவைப் போட்டு, முடித்தேன் என்பதைத் தொட்டார். தொடும்போது இரண்டு தடவை தவறியது. "இது தேவல. ஆனா இந்த பட்டன் என் கட்ட வெரலுக்குப் பத்தல தம்பி. அந்தப் பொண்ணு இருந்திருந்தா கேக்காமலே பெருசா வெச்சிருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது போல. எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பழைய திரைகளைச் சொந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் சோதனையை முந்தின நாளே செய்திருந்தேன். நூற்றுப் பன்னிரண்டில் நாற்பது உடைகிறது என்று அட்டவணையில் எழுதினேன். உடைந்தது இரண்டு. அதையும் அரை மணியில் சரிசெய்துவிட்டேன். நாற்பது என்ற கணக்கு வருவதற்காக எழுத்துருக்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். அப்படிச் செய்தது நான்தான் என்று நம்ப எனக்கே பயமாக இருக்கிறது. ஜெயா நிறங்களுக்கு அரக்கு, கத்தரிப்பூ, மயில் கழுத்து, மாம்பழம் என்று பெயர் வைத்திருந்தாளே, அந்தப் பெயர்கள்கூட ஒன்று விடாமல் வந்துவிட்டன. ஆகவே என் உண்மையான முடிவு இது: சொந்த வீட்டுக்கு மாறுங்கள். சர்வரில் ஏற்றுவதை ஆபீசில் அஜித்குமார் ஒரு நாளில் செய்துவிடுவான். தினம் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொல்லுங்கள், அது மட்டும் நம் பொறுப்பு. மாற வேண்டும் என்று ஒரு வருடமாக உங்களிடம் மல்லுக்கட்டியவளே ஜெயாதான். அவள் கேட்டதை அவளுக்காகவே தடுக்கப் பார்த்தேன்.

ஏனென்றால் படங்கள் வரும், நிறங்கள் வரும், இரண்டு விஷயங்கள் வராது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய வரலாறு வராது. திரையின் மேல் ஒருவருக்கொருவர் எழுதிவைத்த கமெண்ட் வராது. ஆறு மணிக்கு அவை இல்லாமல் போகும்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள் அக்கா.

எங்கள் வீட்டில் தறி ஓடும்போது பக்கத்து அறையிலிருந்து கத்தினாலும் கேட்காது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் நானும் ஜெயாவும் தொண்டை வலிக்கக் கத்துவோம். பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் ஒரு அறை, அவள் ஒரு அறை. என்ன வேண்டுமென்றாலும் அவள் வரைந்துகொண்டிருக்கும் திரையிலேயே ஒரு கமெண்ட் போட்டு என் பெயரைச் சேர்த்துவிடுவாள். பட்டனின் ஓரம் சரியில்லை என்பதும் அதில்தான், அம்மா வடை சுட்டிருக்கிறாள் வா என்பதும் அதில்தான். முதல் வரியில் 'இளா' என்று, அவள் என்னைக் கூப்பிடும் பெயரை மட்டும் எழுதி, அடுத்த வரியில்தான் விஷயத்தை ஆரம்பிப்பாள். இந்த ஊரிலேயே ஒரு சுவர் தள்ளி இருந்துகொண்டு சாப்ட்வேரில் குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள் இருவராகத்தான் இருப்போம்.

அந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. அந்த வங்கிக்காரர்களுக்கு டெமோ. நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை. நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து அவள் போட்ட கமெண்ட் முப்பதைத் தாண்டியிருந்தது, டெமோ நடுவில் திரையில் வந்து விழக்கூடாது என்று எல்லா அறிவிப்பையும் அணைத்து வைத்தேன். நாலே முக்காலுக்கு நீங்கள் கேட்டீர்கள், "ஜெயாவை ஒரு நிமிஷம் கூப்பிடு செழியா, டிசைனை அவளே சொல்லட்டும்" என்று. அவள் வேறு வேலையில் இருக்கிறாள் அக்கா, நானே காட்டுகிறேன் என்று சொன்னேன். எழுந்து போய்ப் பார்க்காமலே சொன்னேன். டெமோ ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தது, அதை விட மனமில்லை. ஒரு ஜோக்கும் அடித்தேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

ஐந்தே காலுக்குக் காபி கொண்டுபோன அத்தைதான் பார்த்தார்கள். தரையில் கிடந்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும். கார் கண்ணமங்கலம் தாண்டும்போது அவள் கை சில்லிட்டுவிட்டது. வேலூரில் டாக்டர், மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார். தலைவலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது முயற்சி செய்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, உறுதியாகச் சொல்ல முடியாதுதான் என்று சேர்த்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அறிவிப்புகளைத் திறந்தேன். மற்றவை எல்லாம் படித்தவை. ஒன்று மட்டும் படிக்காதது. பக்கத்தில் நீலப் புள்ளி. அன்றைய தேதி, மாலை நாலு முப்பத்தெட்டு. வெளியிலிருந்து பார்த்தால் முதல் வரி மட்டும்தான் தெரிகிறது. 'இளா'. அவ்வளவுதான். தொட்டால்தான் மீதி தெரியும்.

நான் தொடவில்லை.

ஏழு மாதமாகத் தொடவில்லை அக்கா. அது அவளுடைய தனி வரைவில் இருக்கிறது, எனக்கு மட்டும் பகிர்ந்தது, அதனால் உங்கள் கண்ணிலும் பட்டிருக்காது. நாலு முப்பத்தெட்டிலிருந்து ஐந்தே கால் வரை முப்பத்தேழு நிமிடம். தினமும் அந்த முப்பத்தேழு நிமிடத்தைக் கணக்குப் போடுகிறேன். ஆரணியிலிருந்து எதுவரை போயிருக்கலாம், எந்த வளைவு, எந்த ஸ்பீட் பிரேக்கர். அன்றும் அமாவாசை. தறி எதுவும் ஓடவில்லை. வீடே அமைதி. அவசரமென்றால் வாய்விட்டுக் கூப்பிட்டிருப்பாளே, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கேட்டிருக்குமே, அப்படியானால் அது வெறும் பட்டன் விஷயம்தான் என்று ஒரு நாள் தோன்றும். கூப்பிடக் குரல் வராமல்தான் எழுதினாளோ என்று அடுத்த நாள் தோன்றும். என் காதில் ஹெட்போன் இருந்தது, கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது என்று மூன்றாம் நாள். படிக்காத வரைக்கும் மூன்றும் சம அளவில் உண்மை. படித்தால் ஒன்றுதான் மிஞ்சும். அந்த ஒன்று எதுவாக இருக்குமோ என்ற பயத்தில்தான் காலையில் எழுந்திருக்கிறேன், பல் தேய்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பைத்தியம் என்று நினைத்தாலும் சரி. அந்தச் சாப்ட்வேரில் ஒரே கோப்பை இரண்டு பேர் திறந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு அம்பு, அதன் வாலில் அவரவர் பெயர் தெரியும் இல்லையா. அவள் லேப்டாப்பை நான் அணைக்கவே இல்லை. சில மத்தியானங்களில் அதை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, இடது கையால் அதன் மவுசை நகர்த்துவேன். வலப்பக்கம் என் திரையில் 'ஜெயா' என்ற பெயரோடு அம்பு நகரும். ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நிற்கும். நான்தான் நகர்த்துகிறேன் என்று தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்று செல்லியம்மாள் வீட்டிலிருந்து திரும்பும்போது பன்னிரண்டரை இருக்கும். கீழே அத்தை ஜெயாவுக்குப் படையல் போட்டு முடித்து இலை எடுத்திருந்தார்கள். மேலே வந்து, சோதனைக்காக வாடகை வீட்டைத் திறந்தேன். அவள் கோப்பு திறந்தது. அம்பு நகர்ந்தது.

என் இரண்டு கையும் என் மேஜை மேல் இருந்தன அக்கா. 'ஜெயா' அம்பு திரையின் ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு, ஆடி ஆடி, அந்த நீலப் புள்ளி இருக்கும் பக்கமாகவே போனது. நின்றது. மறுபடி கொஞ்சம் அசைந்தது. எழுந்ததில் நாற்காலி விழுந்தது. பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

அத்தை அவள் லேப்டாப்பை ஒரு பட்டுத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மாப்ள, இப்டி வேர்த்துப் போய் நிக்கிறீங்க? தூசு படிஞ்சி கெடந்துது, அதான் தொடச்சிகினு இருந்தேன். எதுனா தப்பா தொட்டுட்டனா?" என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். அவர்கள் துணியை மடித்தார்கள், மறுபடி பிரித்தார்கள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்கள், "ஏன் மாப்ள, இதுல கொயந்த எழுதுனது எதுனா கீதா? படம் வேணாம், அது எனக்கு வெளங்காது. எழுத்தா எதுனா? கடைசியா?"

கடைசியா என்று கேட்டார்கள். இல்லை அத்தை, வேலை சம்பந்தமானதுதான் எல்லாம் என்றேன்.

"செரி, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்கள்.

அங்கேயே நின்றேன். அவளைத் தரையிலிருந்து தூக்கி மடியில் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். காபி டம்ளர் உருண்டு போய்க் கிடந்ததை நான் பார்த்தேன். ஏன் ஐந்து மணிக்கே போகவில்லை, ஏன் ஐந்தே கால் வரை பால் காயும் என்று காத்திருந்தேன் என்று என்னிடமே இரண்டு தடவை அழுதிருக்கிறார்கள். உங்கள் தப்பு எதுவும் இல்லை அத்தை என்று நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன், பெரிய மனிதன் மாதிரி. நாலு முப்பத்தெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகுதான் அட்டவணையை எழுதினேன். சந்தாவைக் கட்டிவிட்டால் இன்னொரு வருடம் புள்ளி நீலமாகவே இருக்கும், அம்பும் இருக்கும், அடுத்த வருடம் வேறு பொய் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உங்கள் பதில் வந்த பிறகு நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தேன். சாயங்காலம் வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லியம்மாள் தொட்டுத் தவறிய அந்தப் பட்டன்தான் கண்ணில் நின்றது. அந்தம்மா சொன்னதை அட்டவணையில் எழுதக்கூட இல்லை. ஜெயா இருந்திருந்தால் முதல் வரியில் அதைத்தான் எழுதியிருப்பாள்.

இன்று காலை மாமா தறியை ஓட்டத் தொடங்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா மாப்ள, மேல வேல இல்லியா?" என்று கேட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே மேலே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து மூன்று தடவை புள்ளியின் மேல் மவுசைக் கொண்டுபோனேன். மூன்று தடவையும் கை திரும்பி வந்துவிட்டது. பதினெட்டாயிரம் வரி புரோகிராம் தப்பில்லாமல் எழுதுகிற கை இது.

எனக்கு நீங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும் அக்கா. சந்தா கட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கணக்கு மூடட்டும். இது ஒன்று. காலை பஸ்ஸில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை வாருங்கள். ஜெயாவை இந்த வேலைக்கு எடுத்தவர் நீங்கள். அவள் எழுதுவதை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்தவர். அவள் லேப்டாப்பில் நீங்கள் தொட்டுத் திறந்து, அத்தை, மாமா, நான் மூன்று பேரும் இருக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். பட்டன் விஷயமாக இருந்தால் அவள் சொன்ன அளவைக் குறித்துக்கொண்டு போய்ப் புது வீட்டில் மாற்றிவிடுங்கள். வேறு மாதிரி இருந்தால் அதையும் அப்படியே படியுங்கள், ஒரு வார்த்தையும் மென்று விழுங்க வேண்டாம். அவர்கள் என்னை என்ன சொன்னாலும் சொல்லட்டும். வீட்டை விட்டுப் போ என்றாலும் போவேன். படிக்காமல் மூடிவிட்டால் மட்டும், அவள் கூப்பிட்டு நான் போகாதது இரண்டாவது தடவையாகிவிடும்.

நீங்கள் அன்று அவளைக் கூப்பிடச் சொன்னீர்கள். கூப்பிட்டிருந்தால் என்று நீங்களும் ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நாலு வரியில் அவள் பெயர் வரவில்லை. உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை அக்கா. கேட்டது நீங்கள், எழுந்திருக்காதது நான்.

நீங்கள் வருவதற்கு முன்பு அத்தையிடம் நான் சொல்லியாக வேண்டும். நேற்று இல்லை என்று சொன்னது பொய், ஒன்று இருக்கிறது, நாலு முப்பத்தெட்டுக்கு எழுதியது, நான் படிக்கவில்லை என்று. இந்த உறையை ஒட்டிக் கூரியர் கடையில் கொடுத்துவிட்டு வந்ததும் சொல்லப் போகிறேன். தறி ஓடிக்கொண்டிருக்கிறது. மாமாவை நிறுத்தச் சொல்ல வேண்டும். அமாவாசை இல்லாத நாளில் நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்கட்டும்.

உங்கள் அம்மாவின் கண் நன்றாகத் தெளியட்டும். வரும்போது பார்த்து வாருங்கள், பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன்.

நான் வெள்ளிக்கிழமை வரை போனை எடுக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், இங்கே வீட்டில்தான் இருப்பேன், அவர்களோடு. இப்போது யாராவது கூப்பிட்டால் அந்தப் பேச்சில் போய் உட்கார்ந்துகொண்டு மறுபடி எழுந்திருக்காமல் இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். போனை அணைத்துவிட்டேன்.

உங்கள் தம்பியாக நினைத்து மன்னிக்க வேண்டும்,
இளஞ்செழியன்